இரண்டாவது காப்பி

மழை விட்டு மூன்றாம் நாள்
நகரியிலிருந்து போன் செய்தீர்கள்:
"சத்திரவாடா கல்யாணம் ஞாபகம் இருக்கா?
பொண்ணு வீட்டு ஆல்பம் தண்ணியில போயிடுச்சு.
இன்னொரு காப்பி போடணும்.
ஃபைலை லேபுக்குத் தட்டி விடும்மா,
ரெண்டு நிமிஷ வேலை."

ஞாபகம் இருக்கிறது, முனிசேகர் அண்ணா.
முப்பத்தாறு ஷீட்.
நூற்றிருபது பேசி, நூறாக்கி,
அட்டைப்படத்தைக் கணக்கிலேயே சேர்க்காமல் தந்தீர்கள்.
இரண்டாவது காப்பிக்கு ஒன்றுமில்லை.
"அதேதானே" என்றீர்கள்.

அதேதானா?
பெண் வீட்டுக்குத் தலைப்பு தமிழில்,
மாப்பிள்ளை வீட்டுக்குத் தெலுங்கில்.
நான் படித்தது பொதட்டூரில்;
தெலுங்கு வாயில் வரும், விரலில் வராது.
மருந்துக்கடைப் பையனிடம் காட்டி
இரண்டு முறை திருத்தினேன்.
சீரகமும் வெல்லமும் தலையில் வைக்கும் நிமிடம்
இங்கே ஒரு மூலையில்,
அங்கே இரண்டு பக்கம் நிறைய.
புத்தூர் மாமா இந்தக் காப்பியில் பெரிதாக வேண்டும்,
அந்தக் காப்பியில் இருக்கவே கூடாது.
ஆளை எடுத்த இடத்தில்
வாழைமரத்தை இழுத்து வளர்த்து
இலைக்கு இலை நிழல் வைத்தேன்.
அந்த வாழைமரத்துக்கு யார் கூலி?

நீங்கள் தறிக்காரர் மகன்,
தறியைக் கொண்டுவந்து நடுவில் வைத்தீர்கள்:
"அட்டை குத்தறவனுக்கு ஒரு தடவைதான் கூலி.
அப்புறம் ஆயிரம் புடவை ஓடும்."
எனக்குப் பதில் வரவில்லை.
ஏகாம்பரகுப்பத்துத் தெரு முழுக்க
டடக் டடக் என்று
உங்கள் கட்சியையே பேசிக்கொண்டிருந்தது.
வீட்டில் சோறு வடிக்கும்போதுதான் தோன்றியது.
ஆயிரம் புடவைக்கும் ஆயிரம் நெசவுக்கூலி உண்டே!
இரண்டாவது காப்பிக்கு நீங்கள் வாங்கியது பதினோராயிரம்.
லேபுக்கு நாலு.
மீதி ஏழில்
என் பேரில் ஒரு டீ கூட இல்லை.

உள்ளதைச் சொல்கிறேன்,
ஓர் எழுத்தும் மாறாத காப்பிக்கு
முழுக்கூலி கேட்டால் அது என் பேராசை.
கால் பங்கு, கொஞ்சம் மேலே.
மாற்றம் இருந்தால், மாற்றிய ஷீட்டுக்கு மட்டும் முழுசு.
இதை முதல் நாளே பேசியிருக்கலாம்.
முதல் நாள் நீங்கள் அவசரத்தில் இருந்தீர்கள்,
நான் பயத்தில்.

நனைந்த ஆல்பத்தைப் படமெடுத்து அனுப்பினீர்கள்.
ஷீட்டுகள் முகத்தோடு முகம் ஒட்டி,
பிரித்த இடத்தில்
மாமனார் மீசை மருமகன் நெற்றியில்.
"உங்ககிட்ட ஃபைல் இல்லையா?" என்றேன்.
கொஞ்சம் மௌனம்.
"சீசனுக்கு டிஸ்க் பத்தலைன்னு அழிச்சிட்டேம்மா."

என்னிடம் இருக்கிறது.
கம்மல் வைத்து வாங்கிய டிஸ்க்,
தண்ணீர் வாசற்படி ஏறிய இரவில்
துண்டில் சுற்றி அரிசி டின்னுக்கு மேலே.
உங்கள் கல்யாணங்கள் மட்டும் நாற்பத்தொன்று
அதில் குடியிருக்கின்றன,
இரண்டு வருஷமாக,
வாடகை இல்லாமல்.

"ஷீட்டுக்கு முப்பது" என்றேன். குரல் நடுங்கவில்லை.
முப்பத்தாறுக்கு ஆயிரத்து எண்பது.
"எண்பதை விடு" என்றீர்கள்.
விட்டேன்.
சாயங்காலம் ஐந்நூறு வந்து விழுந்தது.
"மீதி அப்புறம்."

லேபுக்குப் பதினெட்டு ஷீட் போயிருக்கிறது, பாருங்கள்.
சண்டை இல்லை அண்ணா, கணக்கு.
பிள்ளையார், நலங்கு, மாலை மாற்றுவது,
புத்தூர் மாமா பெரிதாகச் சிரிப்பது,
எல்லாம் கலர் பார்த்துத்தான் அனுப்பினேன்.
பதினெட்டாவதில்
மாப்பிள்ளை தாலியைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்.
பெண் தலை குனிந்திருக்கிறாள்.
சுற்றி எல்லார் கையிலும் அட்சதை.

முடிச்சு பத்தொன்பதில்.